மாடிப்படி லைட்: போர்டுக்குள் மூன்றும் சிவப்பு வயர், எது எங்கே போகும்?

தறிவீட்டுப் பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். வீடு சேலம் அம்மாபேட்டையில், தாத்தா கட்டியது. முன்கட்டில் தறி ஓடிய காலத்து வயரிங், சுவரில் மரச்சட்டம் அடித்து அதன்மேல் தகரக் கிளிப் மடக்கி வயர் போகுமே, அந்த வகை. மாடி பிற்பாடு எடுத்ததால் அங்கே மட்டும் பைப் சுவருக்குள் இருக்கிறது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள், அதற்குள் இந்தப் பழைய கறுப்பு சுவிட்சுகளை மாற்றிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். உட்கார்ந்தது தப்பு.

மாடிப்படி லைட்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் எரியும், எதைத் தட்டினாலும் அணையும், நாற்பது வருஷமாக ஒழுங்காக இருந்தது. கீழ் போர்டைக் கழற்றினால் உள்ளே மூன்று வயர், மூன்றும் ஒரே சிவப்பு. பழைய சுவிட்சில் திருகுகள் முக்கோணமாக இருந்தன, நான் வாங்கி வந்த டூ வே சுவிட்சில் மூன்றும் ஒரே வரிசையில் இருக்கின்றன. போட்டோ எடுக்காமல் கழற்றிவிட்டேன், திட்டுகிறவர்கள் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

ஏதோ ஒரு கணக்கில் மூன்றையும் மாட்டினேன். இப்போது மேல் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் மட்டும் கீழ் சுவிட்ச் வேலை செய்கிறது. மேலே மறுபக்கம் தட்டிவிட்டால் கீழே என்ன செய்தாலும் எரிவதில்லை. ராத்திரி பாத்ரூமுக்கு இறங்கும் அம்மா இருட்டில் நின்று என்னைக் கூப்பிடுகிறார்.

இன்னொன்று. வேலை செய்யும்போது ப்யூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் செய்தேன். லைட், ஃபேன் எல்லாம் நின்றது. ஆனாலும் ஒரு வயர் கையில் பட்டதும் சுரீர் என்று இழுத்தது. பயந்துபோய் டெஸ்டர் வைத்தால் போர்டில் மூன்றிலும் எரிகிறது, பல்பு ஹோல்டரின் இரண்டு முனையிலும் எரிகிறது. ப்யூஸ் இல்லாமல் கரண்ட் எங்கிருந்து வருகிறது? பக்கத்து வீட்டிலிருந்தா?

சுரமங்கலத்தான்:

இதுக்கு எதுக்குங்க இவ்வளவு யோசனை. மேல் சுவிட்சைக் கழற்றி வீசிவிட்டு அங்கே இருக்கிற மூன்று வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் அடித்துவிடுங்கள், கீழே சாதா ஒன் வே போதும். டெஸ்டரில் எது பளிச்சென்று எரிகிறதோ அது பேஸ், கரண்ட் வருகிற வயர். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், இன்றுவரை ஓடுகிறது.

தறிவீட்டுப் பேரன்:

அதுதான் சொன்னேனே அண்ணா, மூன்றிலும் எரிகிறது என்று. தவிர, மேலே சுவிட்ச் இல்லாவிட்டால் மாடியில் படுப்பவர்கள் இருட்டில் படி இறங்க வேண்டும். படியும் பழைய படி, ஒன்று உயரம் ஒன்று குட்டை.

ஓய்வு பெற்ற வயர்மேன்:

தம்பி, முதலில் வேலையை நிறுத்துங்கள். சுரமங்கலத்துத் தம்பி சொன்னதை யாரும் செய்ய வேண்டாம். எந்த வயர் எது என்று தெரியாமல் மூன்றையும் ஒன்றாக முறுக்குவது கண்ணை மூடிக்கொண்டு ரோடு தாண்டுகிற மாதிரி. பெரும்பாலான வீட்டில் ஒன்றும் ஆகாது. ஆனால் மூன்றில் ஒன்று நியூட்ரலாக, அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயராக, இருக்கிற வீடும் உண்டு, அங்கே டமார்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

மெயினில் ப்யூஸ் கட்டை எத்தனை இருக்கிறது? வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் நீங்கள் பிடுங்கியது எதை?

மெயின் சுவிட்சை அணைக்காமல் ப்யூஸை ஏன் பிடுங்கினீர்கள்?

மூன்றாவது, கழற்றும்போது ஏதாவது ஒரு வயரில் அடையாளம் இருந்ததா? டேப், பெயின்ட், கத்தியால் கீறின வெட்டு, எதுவானாலும். அந்தக் காலத்தில் ஒரு காயில் சிவப்பு வாங்கினால் வீடு முழுக்க அதையே இழுப்போம். அடையாளம் வைக்காமல் மூடினால் மறுமுறை திறக்கும்போது எங்களுக்கே புரியாது.

தறிவீட்டுப் பேரன்:

ஐயா, நன்றி. மெயின் ஒரு இரும்புப் பெட்டி, பக்கத்தில் கைப்பிடி. கைப்பிடி துருவேறி நகரவே இல்லை, அதனால்தான் ப்யூஸைப் பிடுங்கினேன். பீங்கான் கட்டை இரண்டு இருக்கிறது. ஒன்றைப் பிடுங்கியதும் எல்லாம் நின்றுவிட்டதால் இன்னொன்றைத் தொடவில்லை. எது எது என்று எழுதியும் இல்லை.

அடையாளம் என்று எதுவும் இல்லை. ஒரு வயரில் மட்டும் பழைய நூல் ஒரு சுற்று சுற்றி முடிச்சு விழுந்திருந்தது, பச்சை நூல், அழுக்கேறிப் போயிருந்தது. தறி வீட்டில் நூல் பறந்து ஒட்டாத இடம் எது, குப்பை என்று பிய்த்துப் போட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்ற வயர்மேன்:

அடப்பாவமே. அந்த நூல்தான் தம்பி உங்கள் கேள்விக்குப் பதில். குப்பை என்று போட்டீர்களே, அதுதான் காமன் வயர், சுவிட்சின் பொது முனைக்குப் போகிறது. தறி வீட்டுக்கு வேலைக்குப் போனால் நாங்கள் டேப்பைத் தேடுவதில்லை, கீழே கிடக்கிற நூலை எடுத்து இரண்டு சுற்று கட்டி முடிச்சுப் போடுவோம். காற்றில் பறந்து வந்த நூல் சுற்றிக்கொண்டு முடிச்சும் போட்டுக்கொள்ளுமா?

சரி, போனது போகட்டும். முதலில் ஷாக் விஷயம், அது உயிர்ப் பிரச்சினை. பழைய வீடுகளில் பேஸுக்கு ஒரு ப்யூஸ், நியூட்ரலுக்கு ஒரு ப்யூஸ் என்று இரண்டு போடுவார்கள். நீங்கள் பிடுங்கியது நியூட்ரல் கட்டை. அதனால் கரண்ட் திரும்பிப் போக வழி இல்லை, லைட்டும் ஃபேனும் நின்றன. ஆனால் பேஸ் அப்படியே 230 வோல்ட்டோடு உள்ளே வந்து நிற்கிறது. ஃபிரிஜ், ஃபேன் என்று ஆனில் இருக்கிற ஏதாவது ஒன்றின் வழியாக அது நியூட்ரல் வயர் முழுக்கவும் ஏறிக்கொள்ளும். ஹோல்டரில் இரண்டு முனையிலும் டெஸ்டர் எரிந்தது அதனால்தான். பக்கத்து வீட்டுக்காரர் மேல் பழி போடாதீர்கள். வீடே செத்த மாதிரி தெரியும், ஆனால் ஒவ்வொரு வயரும் உயிரோடு இருக்கும். இதில் அடிபட்டுப் போன வயர்மேன்களை எனக்கே தெரியும். நியூட்ரலில் ப்யூஸ் போடவே கூடாது, அங்கே ப்யூஸ் இல்லாமல் நேராகச் சேர்க்கிற லிங்க்தான் இருக்க வேண்டும்.

இனி தொடுவதாக இருந்தால் இரண்டு கட்டையையும் பிடுங்கி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அலமாரியில் வைத்தால் யாராவது "கரண்ட் இல்லையே" என்று எடுத்துச் சொருகிவிடுவார்கள், எனக்கு நடந்திருக்கிறது. இழுக்குமுன் எரிகிற ஒரு பிளக்கில் டெஸ்டரை வைத்து டெஸ்டர் வேலை செய்கிறதா பாருங்கள், இழுத்த பிறகு நீங்கள் தொடப்போகிற வயரில் பாருங்கள், மறுபடி கட்டையைப் போட்ட பிறகு டெஸ்டர் இன்னும் உயிரோடு இருந்ததா என்று அதே பிளக்கில் பாருங்கள். செத்த டெஸ்டர் எல்லா வயரையும் செத்த வயர் என்றுதான் சொல்லும்.

சேர்வராயன் மலை:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். ஏற்காட்டில் காபி எஸ்டேட் வீடு. எங்களிடம் கேட்டிலிருந்து வராண்டா வரை இதே டூ வே. டெஸ்டர் மூன்றிலும் எரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். எங்கும் மாட்டாமல் தொங்குகிற வயராக இருந்தாலும், கரண்ட் போகிற வயரோடு ஒட்டி நீளமாகப் போனால் டெஸ்டர் மங்கலாக எரியும். டிஜிட்டல் மீட்டர் வைத்தால் 60, 90 என்று ஏதாவது காட்டும். நான் அதை நம்பி ஒரு வாரம் சுவரை வெட்டினேன். கடைசியில் பழைய குண்டு பல்பை இரண்டு வயருக்கும் குறுக்கே பிடித்துப் பார்த்ததும் அந்த 90 வோல்ட் காணாமல் போனது. பல்பு கேட்கிற கரண்டை அது கொடுக்க முடியாது, வெறும் நிழல்.

மலையில் மழை மாதத்தில் சுவர் ஈரம் உறிஞ்சிவிட்டால் இது இன்னும் மோசம். சுவிட்ச் போர்டின் திருகு கூட டெஸ்டரில் மினுங்கும்.

ஓய்வு பெற்ற வயர்மேன்:

மலைக்காரர் சொன்னது சரி. ஆனால் கரண்ட் இருக்கும்போது அப்படிப் பல்பு பிடிப்பது பழகின கைக்கு மட்டும். பேரன் தம்பி கரண்டே இல்லாமல் பார்க்கிற வழி சொல்கிறேன்.

டூ வே எப்படி ஓடுகிறது என்று முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கீழ் சுவிட்சின் நடுமுனைக்குப் பேஸ் வருகிறது. ஓரத்தில் இருக்கிற இரண்டு முனையிலிருந்தும் இரண்டு வயர் மேல் சுவிட்சின் இரண்டு ஓர முனைக்குப் போகிறது, அண்ணன் தம்பி மாதிரி எப்போதும் ஜோடியாகப் போகும். மேல் சுவிட்சின் நடுமுனையிலிருந்து ஒரு வயர் பல்புக்கு. அவ்வளவுதான். இரண்டு சுவிட்சும் ஒரே ஓர வயரைத் தொட்டால் எரியும், ஆளுக்கொன்றைத் தொட்டால் அணையும். அண்ணன் தம்பிக்குள் இடம் மாற்றினால் ஒன்றும் ஆகாது. நடுவில் வர வேண்டியவன் ஓரத்துக்குப் போய்விட்டால்தான் குழப்பம். உங்களுக்கு ஆனது அதுதான். பேஸை ஓரத்தில் மாட்டி, ஓர வயர் ஒன்றை நடுவில் மாட்டிவிட்டீர்கள். அதனால் மேல் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் மட்டும் கரண்டுக்கு வழி கிடைக்கிறது, மறுபக்கம் போனால் கீழே எது செய்தாலும் வழியில்லை.

இப்போது கண்டுபிடிப்பது. இரண்டு கட்டையும் பையில். மாடிப்படி பல்பைக் கழற்றி எடுத்துவிடுங்கள், இதை மறக்கக் கூடாது, பல்பு இருந்தால் அதன் வழியாக வேறு கணக்குக் காட்டும். ஃபிரிஜ், மிக்ஸி எல்லாம் பிளக்கைப் பிடுங்குங்கள், ஃபேன் சுவிட்ச் எல்லாம் ஆஃப். கீழ் சுவிட்சையும் மேல் சுவிட்சையும் கழற்றி மூன்று மூன்று வயரையும் ஒன்றோடு ஒன்று படாமல் விரித்து வையுங்கள். மேலே ஒரு ஆள் நின்று ஏதாவது இரண்டு வயர் முனையை மட்டும் சேர்த்து முறுக்கட்டும். கீழே நீங்கள் மீட்டரின் பீப் முனையை இரண்டிரண்டாக வைத்துப் பாருங்கள். மீட்டர் இல்லாவிட்டால் இரண்டு செல், ஒரு டார்ச் பல்பு போதும், நாங்கள் அதை வைத்துத்தான் பிழைத்தோம். கீழே எந்த ஜோடியும் பீப் அடிக்கவில்லை என்றால் மேலே வேறு ஜோடி முறுக்கச் சொல்லுங்கள். மூன்று தடவைக்குள் ஒரு ஜோடி அடிக்கும். அடித்த இரண்டும் அண்ணன் தம்பி. கீழே மிச்சம் நிற்பது பேஸ், மேலே மிச்சம் நிற்பது பல்பு வயர். மிச்சம் இரண்டும் அந்தந்த சுவிட்சின் நடுமுனைக்கு. புது சுவிட்சில் காமன் பெரும்பாலும் நடுவில் இருக்கும், ஆனாலும் முதுகில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு தடவை படித்துவிடுங்கள்.

முறுக்கினதைப் பிரிக்காமல் கட்டையைப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு சந்தேகமும் தீர்த்துக்கொள்ளுங்கள். வயர் மிச்சம் பிடிக்க அந்தக் காலத்தில் சிலர் இரண்டு சுவிட்சுக்கும் பேஸ், நியூட்ரல் இரண்டையும் கொண்டுவந்து ஓரங்களில் மாட்டி, பல்பை இரண்டு நடுமுனைக்கும் நடுவில் தொங்கவிடுவார்கள். எரியும், அணையும், வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் பல்பு அணைந்திருக்கும்போது இரண்டு முனையிலும் பேஸ் நிற்கலாம், பல்பு மாற்றப் போகிறவன் கதை முடிந்தது. உங்களுடையது அந்த வகையா என்று பார்க்க, கீழே மூன்று வயரையும் விரித்தபடி, பிடுங்கின நியூட்ரல் ப்யூஸின் வீட்டுப் பக்க முனைக்கும் ஒவ்வொரு வயருக்கும் பீப் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு அடித்தால் அது நியூட்ரல். அப்படி அடித்தால் கையை எடுத்துவிட்டு ஆள் கூப்பிடுங்கள், அதை அப்படியே வைத்துச் சுவிட்ச் மட்டும் மாற்றுவதில் அர்த்தமில்லை. கீழே இருக்கிறது சட்ட வயரிங்தானே, கண்ணாலேயே பாதி தூரம் தொடர்ந்து போகலாம். அது ஒரு பாக்கியம். சுவருக்குள் பைப் என்றால் எல்லாமே ஊகம்தான்.

சுரமங்கலத்தான்:

சரிங்கண்ணா, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் முறுக்கினதையும் இந்த வாரம் பிரித்துப் பார்க்கிறேன். அந்த வயர்மேன் இப்போது போன் எடுப்பதில்லை.

தறிவீட்டுப் பேரன்:

செய்து முடித்துவிட்டேன், எழுதாவிட்டால் தூக்கம் வராது.

இரண்டு கட்டையும் பையில் போட்டதில் சட்டை ஒரு பக்கம் தொங்கியது, அம்மா பார்த்து என்னடா கல்லைத் தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்றார். கட்டைக்குள் ப்யூஸ் வயர் இருக்கும் என்று நினைத்தேன். பழைய வயரின் செம்பு இழைகளை நாலைந்தாகச் சேர்த்துச் சுற்றியிருக்கிறார்கள், வீடு எரிந்தாலும் அது போகாது போலிருக்கிறது.

மேலே அக்கா பையன் நின்றான், கீழே நான், நடுவில் கத்தல். முதல் ஜோடி இல்லை. இரண்டாவது ஜோடி இல்லை. மூன்றாவதில் பீப். நியூட்ரலுக்கும் வைத்துப் பார்த்தேன், மூன்றுக்கும் சத்தமில்லை. அப்பாடா.

அதைவிட, மேல் போர்டைத் திறந்தபோது அங்கேயும் ஒரு வயரில் பச்சை நூல் இருந்தது. முடிச்சோடு. கருத்துப் போயிருந்தாலும் வெயிலில் பிடித்துப் பார்த்தால் பச்சை தெரிகிறது. மிச்சம் நின்ற வயர் அதேதான். அதாவது மேலே பைப் போட்டவரும் கீழே இருந்த அடையாளத்தைப் பார்த்து அதே நூலை எடுத்துக் கட்டியிருக்கிறார், அல்லது இரண்டும் ஒரே கை. தாத்தா இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். கீழே இருந்ததை நான் முறத்தில் வாரிக் கொட்டியாகிவிட்டது.

மாட்டினேன். கீழே தட்டினால் எரிகிறது, மேலே தட்டினால் அணைகிறது, எப்படி மாற்றிப் போட்டாலும் சரியாக இருக்கிறது. மெயின் பெட்டிக்கு மட்டும் லைசென்ஸ் உள்ள ஆளைச் சொல்லியிருக்கிறேன், இரும்புப் பெட்டியை எடுத்துவிட்டு ப்யூஸுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஒன்றாகத் துண்டிக்கிற எம்சிபியும், கரண்ட் கசிந்தால் தானே நிறுத்துகிற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் போடுகிறேன் என்றார்.

ஒரே ஒரு குறை. அணைத்த பிறகும் எல்இடி பல்பு ராத்திரியில் மின்மினி மாதிரி மினுக்கிக்கொண்டே இருக்கிறது. குண்டு பல்பு இருந்த வரை இது இல்லை. மறுபடி ஏதாவது தப்பா?

சேர்வராயன் மலை:

அது தப்பில்லை, எங்கள் வராண்டாவிலும் அப்படித்தான் இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு வயரும் ஒட்டியே போகின்றன, விளக்கு அணைந்திருக்கும்போதும் ஒன்றில் பேஸ் நிற்கிறது, மற்றது பல்போடு சேர்ந்திருக்கிறது. அந்த ஒட்டுறவில் கசிகிற துளிக் கரண்டுக்கே எல்இடி மினுக்கும். குண்டு பல்புக்கு அது உறைக்காது. முதலில் வேறு கம்பெனி பல்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் ஹோல்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட், எக்ஸ்2 என்று போட்ட குட்டி கண்டென்சர் ஒன்று மாட்டச் சொல்லுங்கள். ஃபேன் கண்டென்சரை மாட்டிவிடாதீர்கள், அது 2.5, இதற்கானது இல்லை.

ஓய்வு பெற்ற வயர்மேன்:

சுவிட்ச் பேஸில்தான் இருக்கிறதா, நியூட்ரலை வெட்டுகிறதா என்பதையும் வருகிற ஆளை ஒரு தடவை மெயினில் பார்க்கச் சொல்லிவிடுங்கள். மெயினிலேயே இரண்டையும் மாற்றிப் பூட்டியிருந்தாலும் இப்படி மினுக்கும், அப்போது கண்டென்சர் போட்டு மறைக்கக் கூடாது.

அப்புறம், கீழே கட்டினீர்களா?

தறிவீட்டுப் பேரன்:

கட்டினேன் ஐயா. பச்சை கிடைக்கவில்லை. பரணில் தாத்தாவின் தார்க்குச்சி ஒன்றில் ஆரஞ்சு நூல் இருந்தது, மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டேன், போட்டோவும் எடுத்தாகிவிட்டது.

இன்னும் ஒரு சந்தேகம், கோபப்படாதீர்கள். பூஜை அறை போர்டில் ஐந்து சுவிட்ச். நாலுக்கு வேலை தெரியும். ஐந்தாவதைத் தட்டினால் எதுவும் எரிவதில்லை, எதுவும் அணைவதும் இல்லை. ஆனால் உள்ளே வயர் வந்திருக்கிறது, டெஸ்டர் நன்றாகவே எரிகிறது.

ஓய்வு பெற்ற வயர்மேன்:

அந்த வயர் எந்தச் சட்டத்தில் ஏறுகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன்கட்டுப் பக்கம் திரும்பினால் தறிக்குமேல் தொங்கின பல்பாக இருக்கும். தறியை எடுத்தவர்கள் ஹோல்டரையும் அறுத்துக்கொண்டு போயிருப்பார்கள், முனை மட்டும் எங்கேயோ உத்தரத்தில் டேப் இல்லாமல் நிற்கும். கண்டுபிடிக்கிற வரை அந்த சுவிட்சை யாரும் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏணி போடுமுன் இரண்டு கட்டையும் பையில்.